கழுத்தைத் திருப்ப ஒரு பை

ஒரு பையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடையில் வாங்கியது அல்ல, நானே தைத்தது. ராணுவத்தார் முதுகில் மாட்டிக்கொள்ளும் பையைப் பார்த்து அதே மாதிரி வெட்டி எடுத்தேன். துணி, நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் மிஞ்சிய கித்தான் துண்டு. தோள்பட்டைக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த சீட் பெல்ட் பட்டை. உள்ளே திணிக்கப் பனியன் வேஸ்ட். நூலோடு சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. கொல்லிமலையில் இருக்கும் என் பெரியம்மாவுக்காகத் தைத்தேன். அந்தப் பை அவரிடம் மூன்று மாதம்தான் இருந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய தலையைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரியம்மாவுக்கு 58 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தலையில் சுமக்கிறார். விறகு, கேழ்வரகு, சாமை, குச்சிக்கிழங்கு, அன்னாசி, காயவைத்த மிளகு, மாட்டுக்குப் புல், ரேஷன் அரிசி. கரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பேருந்து சோளக்காட்டுக்கு வந்துவிடும். அந்த வளைவுகளைப் படம் பிடிக்கத்தான் ஊரெங்கிலுமிருந்து மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. தார்ச்சாலை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அவர்கள் படம் பிடிப்பதில்லை. அங்கே வண்டி பெரியம்மாதான்.

தலையில் சுமை இருந்தால் உடம்பு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கை, சமயத்தில் இரண்டு கையுமே, மேலே போய்விடும். கழுத்து ஆடாமல் நிற்க வேண்டும். குனிந்து பாதையைப் பார்க்க முடியாது. கால்தான் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாது, உடம்பையே திருப்ப வேண்டும். இறக்கிவைக்க ஆள் வேண்டும், திரும்ப ஏற்றிவிடவும் ஆள் வேண்டும். தனியாக வந்தவள் மூட்டையை ஒரு மேட்டில் சாய்த்துவிட்டு, அடுத்து வருபவருக்காகக் காத்துக் கிடப்பாள். இத்தனைக்கும் சேர்த்து அவளிடம் இருக்கும் ஒரே கருவி சும்மாடு. அதையும் பழைய சேலையைக் கிழித்து அவளேதான் சுருட்டிக்கொள்கிறாள்.

எங்கள் மலையில் எட்டுக்கை அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. கொல்லிப்பாவை அவள்தான் என்று சொல்வார்கள். சிரித்தே ஆளைக் கொல்பவள் என்று பழம்பாடல் காலத்திலிருந்து அவளைப் பற்றிக் கதை உண்டு. சாமிக்கு எட்டுக் கை கொடுத்த மலையில், அந்தக் கோயில் வழியே நடக்கும் பெண்களுக்கு இருக்கிற இரண்டு கையும் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதுகுப் பை எங்களுக்குப் புதிதல்ல, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாப் புத்தகப் பை கொடுக்கிறது. மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். இரண்டு கையும் வீசி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவார்கள். பத்தாவதோடோ பன்னிரண்டாவதோடோ ஒருத்தியின் படிப்பு நிற்கிறது. பை சுவரில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த வாரம் அவள் தலையில் சும்மாடு ஏறுகிறது. என் சித்தி மகளுக்கு இப்படித்தான் நடந்தது. அதே பாதை, அதே பெண், அதே கால்கள். பள்ளிப் பை முதுகில் இருந்தவரை அவள் ஒரு மாணவி. தலைக்குச் சுமை மாறிய அன்று அவள் வீட்டு ஆள் ஆகிவிட்டாள். அவள் தம்பி படிப்பை விட்டபோது அவன் பை ஆணிக்குப் போகவில்லை. அதில் துணியைத் திணித்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

யார் முதுகில் சுமக்கிறார்கள், யார் தலையில் சுமக்கிறார்கள் என்று நம் ஊரில் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். மாணவர், ராணுவத்தார், சுற்றுலாப் பயணி, கணினி தூக்கிப் போகும் அலுவலர், வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவரும் இளைஞர் எல்லாருக்கும் முதுகு. சித்தாள், விறகுக்காரி, தண்ணீர்க்குடம் எடுப்பவள், சந்தைக்குக் கூடை கொண்டுபோகிறவள் இவர்களுக்குத் தலை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை முதுகில்தான் தொங்குகிறது. ஆனால் அதன் கயிறு தோளில் இல்லை, உச்சந்தலையில் இருக்கிறது. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்களின் தலையில் அந்தக் கயிறு அழுந்திக் கிடந்திருக்கிறது. இரண்டு தோளுக்கும் இரண்டு பட்டை என்பது பெரிய விஞ்ஞானம் அல்ல. தோட்டத்துரைகளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது, அவர்கள் நாட்டுச் சிப்பாய்கள் அதைத்தான் மாட்டியிருந்தார்கள்.

சிப்பாய்க்கு மட்டும் ஏன் அந்த அக்கறை? காரணம் எளியது. அவன் இரண்டு கையும் துப்பாக்கிக்கு வேண்டும். அவன் கழுத்து திரும்ப வேண்டும், எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். அதனால் அவன் சுமை முதுகுக்குப் போனது, அங்கிருந்து இடுப்புப் பட்டை வழியாக இடுப்பெலும்புக்கும் போனது. சிப்பாய் எவ்வளவு சுமக்கலாம் என்று படைகள் கணக்குப் போட்டன. அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-இல் படைவீரனின் சுமையைப் பற்றி மட்டுமே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அளவுக்கு மீறிச் சுமக்கிறவன் களைத்துப் போவான், களைத்தவன் பயப்படுவான் என்பது அவர் வாதம்.

பெண்ணின் சுமையையும் விஞ்ஞானம் பார்க்காமல் இல்லை. 1986-இல் ‘நேச்சர்’ இதழில் கென்யாவின் லூவோ, கிக்கூயூ பெண்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தாலும் அவர்கள் கூடுதலாகச் சக்தியைச் செலவழிப்பதில்லை என்று அது கண்டது. உலகமே வியந்தது. சிப்பாயின் சுமையை ஆராய்ந்தவர்கள் அதை எப்படிக் குறைப்பது என்று கேட்டார்கள். பெண்ணின் சுமையை ஆராய்ந்தவர்கள் இவளால் எப்படி முடிகிறது என்று கேட்டார்கள். வியப்பு ஒரு மரியாதை போலத் தெரியும். ஆனால் வியந்து பார்க்கிறவர் மூட்டையில் கை வைப்பதில்லை.

நம் ஊரில் இந்த வியப்புக்கு அழகு என்று பெயர். குடம் சுமக்கும் பெண்ணின் நடை அழகு, இடுப்பு வளைவு அழகு, நிமிர்ந்த கழுத்து அழகு. நாட்காட்டியிலும் ஓவியத்திலும் சினிமாவிலும் அவள்தான். அந்தக் கழுத்து ஏன் அவ்வளவு நிமிர்ந்து இருக்கிறது என்று வரைந்தவர் கேட்டிருந்தால் தூரிகையைக் கீழே வைத்திருப்பார். அது கம்பீரம் இல்லை ஐயா, அசைந்தால் குடம் விழும்.

இன்னொரு பக்கம், இதே உடம்பைப் பலவீனமான உடம்பு என்றும் சொல்வார்கள். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுப்பது பற்றிய வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் பெண்ணின் உடலமைப்பையும் தாய்மைப் பொறுப்பையும் காரணமாகச் சொன்னது. 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மறு ஆண்டு மே மாதம், ராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் கொண்ட முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது. அந்த வாதத்தை நான் பெரியம்மா பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எல்லையில் சுமக்கப் பெண்ணுக்குத் தெம்பு போதாது. மலையில் விறகுக் கட்டோடு செங்குத்தாக ஏற மட்டும் தெம்பு இருக்கிறது. சம்பளமும் பதவியும் பதக்கமும் உள்ள இடத்தில் பெண்ணுடல் மெலிந்துவிடுகிறது; கூலியில்லாத இடத்தில் உரம் ஏறிவிடுகிறது.

தமிழ்ப் பெண்கள் ராணுவப் பை மாட்டி நடந்த வரலாறும் நமக்கு இருக்கிறது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. டாக்டர் லட்சுமி தலைமையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். பால் வாளிகளைத் தூக்கி வளர்ந்த தோள்கள் அவை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்குப் பயந்து இரவுகளில் நடந்து அவர்கள் பாங்காக் நோக்கிப் போனார்கள். தோட்டத்தில் அவர்கள் சுமந்ததை எந்தப் புத்தகமும் வீரம் என்று எழுதவில்லை. அதே பெண்கள் சீருடையில் நடந்ததும் வரலாறு ஆனது.

இப்போது பைக்கு வருகிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மாமா ஒருவர் வீட்டுப் பரணில் அவருடைய பழைய பை கிடந்தது. அவர் அதைப் ‘பிட்டு’ என்றுதான் சொல்வார். ராணுவத்தில் அதுதான் பெயராம். அதைத் தரையில் விரித்து அளவெடுத்தேன். அரை மீட்டர் அகலத் துணியை இரண்டாக மடித்தால் அடியில் தையலே வராது, அடி பிய்ந்து போகாது. பக்கங்களில் இரண்டு ஓட்டுத் தையல். வாயில் கயிறு கோக்க ஒரு மடிப்பு, மேலே மழைக்கு ஒரு மூடி. தோள்பட்டை சேரும் இடத்தில்தான் எல்லாப் பாரமும் நிற்கும் என்பதால் அங்கே உள்ளே இன்னொரு துணி வைத்து, கட்டம் போட்டு, கட்டத்துக்குள் குறுக்கே பெருக்கல் குறி போலத் தைக்க வேண்டும். 18ஆம் நம்பர் ஊசி, நைலான் நூல். வீட்டுத் தையல் மிஷினை மெதுவாக மிதித்தால் போதும்.

முதல் பை தோற்றுப்போனது. பெரியம்மா மாட்டிக்கொண்டு நாலு படி ஏறியதும் பை அவர் பின்பக்கத்தில் இடித்தது. பட்டை கழுத்தோரம் நழுவி மார்பை அழுத்தியது. மாமாவின் முதுகு நீளத்துக்கு வெட்டிய பை, பெரியம்மாவின் முதுகுக்கு ஒரு சாண் அதிகம். அது யாரையும் மனதில் வைக்காத பொதுப் பை என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு ஆணின் முதுகு என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு பிடரி எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை பெரியம்மாவை நூல் வைத்து அளந்தேன். அந்த நீளத்துக்குப் பையைக் குறைத்தேன். பட்டையை நேராக விடாமல், மார்பை விட்டு விலகிக் கையிடுக்குப் பக்கம் வளைந்து போகிற மாதிரி சாய்த்துத் தைத்தேன். இடுப்புக்கு ஒரு பட்டை வைத்தேன். சேலைக் கொசுவத்துக்கு மேலே அது உட்கார வேண்டும் என்பதை அவர்தான் சொன்னார். மாமாவின் பையில் கொசுவத்துக்கு இடம் இருக்கவில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

“இதுக்கு எதுக்குடி மிலிட்டரிப் பை? நாம சண்டை வேண்டாம்னு சொல்றவங்க” என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தில் இந்திய ராணுவம் புதிய போர்ச் சீருடையை அறிமுகப்படுத்தியது. அந்தத் துணியில் இருக்கும் புள்ளிகளின் வடிவத்தை யாரும் நகலெடுக்கக் கூடாது என்று பதிவும் செய்துகொண்டது. அந்தப் புள்ளித்துணி எனக்கு வேண்டாம். கல்லூரிப் பையன்கள் மாட்டிக்கொண்டு அலையும் போலிப் புள்ளித்துணியும் வேண்டாம். ஆனால் தையல் வேண்டும். ஒரு சமூகம் சுமையை இறக்குவதற்கு அறிவையும் பணத்தையும் எங்கே கொட்டியதோ, அங்கேதான் போய் எடுக்க முடியும். போரை அங்கேயே விட்டுவிட்டு, தோள்பட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் காலையில் பெரியம்மா பையில் மிளகை நிரப்பி மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். இறக்கத்தில் அவர் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். வழுக்குகிற பாறையைக் குனிந்து பார்த்துக் கால் வைத்தார். டீக்கடைப் பக்கம் வந்தபோது உள்ளே இருந்த ஒருவர் உரக்கச் சொன்னார்: “என்ன, மிலிட்டரிக்குச் சேந்துட்டியா? துப்பாக்கி எங்க?” கடையே சிரித்தது.

இதே கடையை இதே கேலிக்கு நடுவே அவர் நாற்பது வருடமாகக் கடந்திருக்கிறார். எப்போதும் நேராகப் பார்த்தபடியே போவார். அடக்கமானவர் என்று ஊர் சொல்லும். அன்றைக்கு அவர் நின்றார். கழுத்தைத் திருப்பினார். கடைக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சொன்னவர் யார் என்று பார்த்ததும், “உம் பொண்டாட்டிக்கும் ஒண்ணு தெச்சுத் தரச் சொல்லட்டா?” என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. என் பெரியம்மா இவ்வளவு காலம் திரும்பிப் பார்க்காமல் போனது அடக்கத்தால் அல்ல. திரும்பினால் மூட்டை விழும். அவ்வளவுதான். நம் பெண்களின் அடக்கம் என்று போற்றப்படுவதில் எவ்வளவு பங்கு தலைச்சுமை என்று எனக்கு அன்றிலிருந்து சந்தேகம்.

ஆனால் பெண்களிடமிருந்தே வந்த எதிர்ப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. “பட்டை ரெண்டும் மாருக்கு ரெண்டு பக்கமும் ஓடுது, எடுத்துக் காட்டுது” என்றார் ஒருவர். முந்தானை விலகும் என்றார் இன்னொருவர். இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றலாம், நான் சிரிக்கவில்லை. பெண்ணின் தோளும் மார்பும் இந்த மண்ணில் எப்போதும் ஊர்ப் பஞ்சாயத்தாகவே இருந்திருக்கின்றன. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-இல்தான் அரசாணை வந்தது. அன்று மறைக்கக் கூடாது என்றார்கள், இன்று மறைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். இரண்டிலும் தோளுக்குச் சொந்தக்காரி அவள் இல்லை. தலையில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் ஊருக்குக் கூச்சமில்லை. தோளில் இரண்டு பட்டை ஏறியதும் ஊருக்குக் கண் கூசுகிறது.

இனி, மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் மாதத்திலேயே பெரியப்பா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல இன்னும் பத்து கிலோ புடிக்கும் போலிருக்கே” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். இரண்டு நடையில் போனது இனி ஒரே நடையில் போகலாம் என்பது அவர் கணக்கு. மிச்சமாகும் நேரத்தில் பெரியம்மா உட்காரலாம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. புல்லறுக்கப் போகலாம் என்பது இருந்தது. குக்கர், மிக்ஸி, கிரைண்டர் வந்தபோதும் இதே கதைதான். பெண்ணின் வேலையைச் சுருக்கும் கருவி வீட்டுக்குள் வந்தால், சுருங்கிய இடத்தை இன்னொரு வேலை வந்து நிரப்பிவிடும்.

மூன்றாம் மாதம் பையைக் காணோம். அண்ணன் எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். பார்க்க மிலிட்டரிப் பை மாதிரி கெத்தாக இருக்கிறதாம். அம்மாவின் முதுகுக்கு அளந்து தைத்த பை, ஒரு சாண் குட்டையாக அவர் முதுகில் தொங்கியிருக்கும். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பெரியம்மா மறுபடி பழைய சேலையைக் கிழித்துச் சும்மாடு சுருட்டினார். “போகட்டும் கண்ணு, அவனுக்கும் ஒரு பை வேணுமில்ல” என்றார்.

இரண்டாவது பையைப் பூப்போட்ட துணியில் தைக்கச் சொல்லி எனக்கு யோசனை சொன்னார்கள். அப்படித் தைத்தால் எந்த ஆம்பளையும் தொட மாட்டான் என்றார்கள். புத்திசாலித்தனமான யோசனைதான். கொஞ்ச நேரம் மயங்கினேன். பிறகு மனம் ஒப்பவில்லை. ஆண்கள் கூச்சப்படும் துணியில் ஒளிந்துகொண்டால்தான் ஒரு பெண் தன் பையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்றால், அது பையின் சிக்கல் இல்லை. அதே கித்தானில், அதே காக்கி நிறத்தில், இரண்டு பைகள் தைத்தேன். ஒன்று குட்டை, ஒன்று நீளம். நீளமானதைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரை சண்டை பிடிக்க வந்த இடம் இதுதான். பெண்களுக்குக் கருவி கொடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். மலைக்குத் தையல் மிஷின் வரும். பெண்கள் குழு அமைப்பார்கள். மிச்சத் துணியில் பை தைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படி இறங்கப் போகும் சுற்றுலாப் பயணிகளிடம் அந்தப் பைகளை விற்பார்கள். கூலி கிடைக்கும், நல்லதுதான். ஆனால் பை தைத்த கை மாலையில் விறகை எங்கே வைக்கும்? மறுபடி தலையில்தான். பெண் தைக்கிற பை வெளியூர்க்காரன் முதுகில் போவதற்குப் பெயர் அதிகாரமளித்தல் என்றால், அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எதிர்ப்பக்கத்தில், “பையெல்லாம் எதற்கு, சாலை போடு, குழாய் போடு, காஸ் கொடு” என்கிற தோழர்களும் இருக்கிறார்கள். எல்லாம் வேண்டும், உடனே வேண்டும். எவ்வளவு பெரிய கோரிக்கையாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தச் சாலை வரும்வரை அவள் கழுத்தெலும்பு என்ன செய்யும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. சிப்பாயிடம் யாரும் “அமைதி வரட்டும், அதுவரை தலையில் சும” என்று சொல்வதில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது? காயம் உண்டாக்கக் கூடிய அளவு பாரத்தைத் தொழிலாளியைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அது தொழிற்சாலைக்கு மட்டும். கேரளத்தில் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் அமர்த்தும் ஆளை அது கணக்கில் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது. பேருந்து நிலையத்திலும் மண்டியிலும் மூட்டை தூக்கும் ஆணுக்குச் சங்கம் உண்டு, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அவர் போராடிப் பெற்றது, அது குறையக் கூடாது. ஆனால் அதே எடையை அதைவிட மேட்டில் தன் வீட்டுக்கே தூக்கிப் போகிறவள் எந்தச் சட்டத்திலும் தொழிலாளி இல்லை. 2019-இல் இந்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவழிக்கிறாள், ஆண் 97 நிமிடம். நிமிடத்தைக் கணக்கெடுத்தார்கள். கிலோவைக் கணக்கெடுக்கவில்லை.

நம் முன்னோர் சுமக்கும் பெண்ணுக்காகக் கல் நட்டார்கள். சாலையோரம் நெஞ்சுயரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சுமைதாங்கி. வழியில் போகிறவர் யார் உதவியும் இல்லாமல் மூட்டையை அதில் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, ஊரார் சுமையை இறக்கி வைக்கும் கல். அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் கேட்க வேண்டியதையும் கேட்கத்தான் வேண்டும். அவள் உயிரோடு சுமந்தபோது அந்தக் கல் எங்கே இருந்தது?

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் முதுகில் இப்போது ஒரு பை இருக்கும். அதைக் கழற்றி ஒரு நிமிடம் மடியில் வையுங்கள். அதன் பட்டை உங்கள் தோளுக்குச் சரியாக இருக்கிறதா, உங்கள் முதுகு நீளத்துக்கு வெட்டியதா, இல்லை யாருடைய முதுகுக்கோ வெட்டியதா என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் யார் தலையில் சுமக்கிறார்கள் என்று யோசியுங்கள். அம்மாவா, ஆயாவா, வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அக்காவா? பிடரியிலிருந்து இடுப்பு வரை நூல் வைத்து அவர்களை அளங்கள். மிச்சத் துணி எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் ஒரு பை தைத்தால் நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் ஆணுக்கும் ஒன்று சேர்த்துத் தையுங்கள். ஒன்று மட்டும் தைத்தால் அது தங்காது, எனக்குத் தெரியும்.

நாம் மிச்சத் துணியைத்தான் எடுத்தோம். மிச்ச உரிமை போதும் என்று சொல்லிவிடவில்லை.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் பை வாசல் ஆணியில் தொங்கியது, அடியில் மண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆணியில் நீளப் பை, மடிப்புக் கலையாமல் புதிதாகவே இருந்தது. பெரியம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவருக்குத் தோள் வலியாம். இந்த வாரம் மாட்டுறேன்னிருக்காரு.” சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பி, “என்னங்க, கண்ணு வந்திருக்கா, பையப் பாத்துட்டா” என்று குரல் கொடுத்தார்.